சோலார் ஆப் காட்டும் மிச்சமும் ஈ.பி. பில்லும் ஒத்துவரவில்லை: எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

வைகைக்கரை (கேள்வி)

மாடியில் 540 வாட் பேனல் 6, மொத்தம் 3.24 கிலோவாட். 3 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் ஆன்-கிரிட் (ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும்) இன்வெர்ட்டர், பேட்டரி கிடையாது. ஊர் மதுரை. பேனல்கள் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வில் இருக்கின்றன. அவற்றுக்கு வடக்கே மாடிப்படி அறை, அதன் மேல் தண்ணீர் டேங்க். நெட் மீட்டர் (லைனிலிருந்து வாங்குவதையும் லைனுக்குத் தள்ளுவதையும் தனித்தனியே எண்ணும் மீட்டர்) போட்டு ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

ஆப்பில் மொத்த உற்பத்தி 4,500 யூனிட், மிச்சம் ரூ.36,000 என்று வருகிறது. ஆனால் இந்த வருஷத்து ஆறு பில்லையும் போன வருஷத்து ஆறு பில்லையும் கூட்டிக் கழித்தால் ரூ.19,000 சொச்சம்தான் குறைந்திருக்கிறது. பேனல் போட்டுக் கொடுத்தவர்கள் "ஆப்பில் வருவதுதான் சரி" என்கிறார்கள்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். மிச்சத்தைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி? பேனல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று எதை வைத்துச் சொல்வது? மார்ச்சில் நாளுக்கு 14 யூனிட் வந்தது, ஜூனில் 10.5 ஆகிவிட்டது, இது பழுதா, பருவமா?

யூனிட்_கணக்கு

36,000ஐ 4,500ஆல் வகுத்துப் பாருங்கள், 8 வரும். இன்வெர்ட்டரை ஆப்பில் பதிவு செய்தபோது ஒரு யூனிட் விலை என்ற கட்டத்தில் யாரோ 8 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். ஆப் உற்பத்தியை எட்டால் பெருக்குகிறது, அவ்வளவுதான். ஷைன்போன், ஐசோலார்கிளவுட், சோலிஸ்கிளவுட் என்று இன்வெர்ட்டர் கம்பெனி ஆப் எதுவானாலும் இதே கதைதான். உங்கள் பில் எந்த ஸ்லாபில் (யூனிட் கூடக் கூட விலை ஏறும் கட்டணப் படியில்) போகிறது என்று ஆப்புக்குத் தெரியாது.

போன வருஷப் பில்லைக் கழிப்பதும் சரிப்படாது. சோலார் வந்த பிறகு ஏ.சி. ஓடும் நேரம் கூடாத வீடு குறைவு. செலவான யூனிட் கூடியிருந்தால் கழித்து வரும் தொகை உண்மையான மிச்சத்தைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆகவே இரண்டு எண்ணுமே உதவாது.

தேவையானது மூன்று ரீடிங்: இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி, நெட் மீட்டரின் இம்போர்ட் (லைனிலிருந்து வாங்கியது), நெட் மீட்டரின் எக்ஸ்போர்ட் (லைனுக்குத் தள்ளியது). மீட்டர் திரை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும்; பெரும்பாலான மீட்டர்களில் 1.8.0 என்ற குறியீட்டோடு வருவது இம்போர்ட் யூனிட், 2.8.0 எக்ஸ்போர்ட். ஈ.பி.யிலிருந்து ரீடிங் எடுக்க வரும் அதே நாளில் மூன்றையும் செல்போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு:

வீட்டின் உண்மையான செலவு = உற்பத்தி − எக்ஸ்போர்ட் + இம்போர்ட்
பில்லுக்கு வரும் நிகர யூனிட் = இம்போர்ட் − எக்ஸ்போர்ட் − முந்தைய பில்லிலிருந்து வந்த வரவு

முதல் எண்ணுக்கு பில் எவ்வளவு வந்திருக்கும், இரண்டாவதற்கு எவ்வளவு வந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சம். பில்லில் நெட்வொர்க் சார்ஜ் (ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அதையும் மிச்சத்திலிருந்து கழியுங்கள்.

2024 ஜூலைக் கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு (இரண்டு மாதத்துக்கு) நாம் கையிலிருந்து கட்டுவது: முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101–200க்கு ரூ.2.35, 201–400க்கு ரூ.4.70, 401–500க்கு ரூ.6.30. 500ஐத் தாண்டினால் 101–400 முழுவதும் ரூ.4.70, 401–500 ரூ.6.30, 501–600 ரூ.8.40, 601–800 ரூ.9.45, 801–1000 ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55. கூட்டிப் பார்த்தால் 500 யூனிட்டுக்கு ரூ.1,805, 600க்கு ரூ.2,880, 800க்கு ரூ.4,770, 1000க்கு ரூ.6,870. 500லிருந்து 501 ஆனால் அந்த ஒரே யூனிட்டுக்கு பில் ரூ.243 ஏறும்.

உங்கள் அளவு சிஸ்டத்துக்கே ஒரு மாதிரிக் கணக்கு. ஏப்ரல்-மே: உற்பத்தி 780, இம்போர்ட் 540, எக்ஸ்போர்ட் 430. வீட்டுச் செலவு 780 − 430 + 540 = 890 யூனிட். சோலார் இல்லாவிட்டால் பில் ரூ.5,715. நிகர யூனிட் 110, பில் ரூ.23.50. மிச்சம் ரூ.5,691. உற்பத்தியான ஒரு யூனிட்டுக்கு ரூ.7.30 விழுகிறது.

அதே வீடு நவம்பர்-டிசம்பரில்: உற்பத்தி 570, இம்போர்ட் 250, எக்ஸ்போர்ட் 300. செலவு 520 யூனிட், சோலார் இல்லாமல் ரூ.2,208. நிகரம் மைனஸ் 50. பில்லில் யூனிட் கட்டணம் இல்லை, 50 யூனிட் வரவாக அடுத்த பில்லுக்குப் போகும். மிச்சம் ரூ.2,208. ஒரு யூனிட்டுக்கு ரூ.3.87தான்.

ஒரே பேனல், ஒரே மீட்டர். யூனிட்டின் மதிப்பு மட்டும் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. காரணம், சோலார் எப்போதும் மேல் ஸ்லாபிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வரும். கோடையில் 10.50, 9.45, 8.40 என்று விலை உயர்ந்த யூனிட்டுகள் போகின்றன. மழைக்காலத்தில் ஏ.சி. இல்லாமல் மொத்தமே 500 பக்கம் நிற்கும்போது பெரும்பாலும் 4.70 யூனிட்டும் இலவச யூனிட்டும்தான் வெட்டுப்படுகின்றன. எப்படியும் இலவசமாக வரும் 100 யூனிட்டுக்கு மாற்றாக சோலார் ஓடினால் அதில் காசு ஒன்றும் மிஞ்சாது. ஆப்பில் 8க்குப் பதில் 6 என்று மாற்றிப் போட்டாலும் இதனால் சரிவராது.

ஸ்லாப் அட்டவணையை ஒரு கூகுள் ஷீட்டில் ஒருமுறை போட்டுவிட்டால் போதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று எண்ணை மட்டும் தட்டலாம். வரவாகப் போன யூனிட்டுகளுக்கு அவை கழியும் பில்லில் மட்டும் மதிப்புப் போடுங்கள். இரண்டு இடத்தில் எண்ணிவிடக் கூடாது.

முதலீடு எப்போது திரும்பும் என்பதையும் இதே ஷீட்டில் பார்க்கலாம். மொத்தச் செலவு ரூ.1,95,000 என்று வைத்து, பி.எம். சூர்ய கர் மானியம் ரூ.78,000ஐ (3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் இதுதான் உச்சவரம்பு) கழித்தால் ரூ.1,17,000. ஆறு பில்லின் மிச்சம் ரூ.24,000 என்றால் ஐந்து வருஷத்துக்குச் சற்று முன்னால் போட்ட பணம் வந்துவிடும். கடன் வாங்கியிருந்தால் வட்டியைச் சேருங்கள். இன்வெர்ட்டர் வாரண்டி முடியும் காலத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்காத கணக்கெல்லாம் விற்பனைக்காரர் கணக்கு.

மொட்டைமாடி_வெயில்

காசுக் கணக்கை மேலே சொல்லிவிட்டார். நான் பேனல் பக்கம் வருகிறேன்.

"இன்று எத்தனை யூனிட்" என்று தினமும் ஆப்பைத் திறப்பதில் பயன் இல்லை. ஒரு மேகம் வந்தால் 13 யூனிட் 8 ஆகிவிடும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கையும், தெளிவான வெயில் அடித்த ஒரு நாளின் வரைபடத்தையும் பார்த்தால் போதும்.

முதலில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஒரு அளவு வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். தளம் இலவசம், நம் ஊர்களுக்கும் தரவு இருக்கிறது. வரைபடத்தில் உங்கள் வீட்டைத் தொடுங்கள். கிரிட் கனெக்டட் பகுதியில் பேனல் அளவு 3.24 என்று கொடுங்கள். 3 என்று இன்வெர்ட்டர் அளவைக் கொடுக்காதீர்கள். இழப்பு 14 சதவீதம் என்று தானாகவே இருக்கும், அப்படியே விடலாம். சாய்வு 10. திசை என்ற இடத்தில் தெற்கு என்றால் 0 போட வேண்டும். 180 போட்டால் வடக்கு பார்த்த பேனலுக்குக் கணக்குப் போட்டுத் தந்துவிடும். நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மாத வாரியாக 12 எண்கள் வரும், அவற்றை ஷீட்டில் ஒரு பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொத்தாம் பொதுவாகச் சொன்னால் தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு வருஷ சராசரி நாளுக்கு 4 யூனிட். பிப்ரவரி, மார்ச்சில் நாலரையைத் தாண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூன்றை ஒட்டி இறங்கும். உங்கள் 4,500 யூனிட்டை 3.24ஆல் வகுத்தால் கிலோவாட்டுக்கு 1,389. மோசமில்லை, ஆனால் நிழலே இல்லாத மாடியாக இருந்தால் 1,450 பக்கம் வந்திருக்க வேண்டும்.

பி.வி.ஜி.ஐ.எஸ். தருவது பல வருஷச் சராசரி. இந்த ஜூனில் உண்மையிலேயே வெயில் குறைவா என்று தெரிய நாசா பவர் தளத்தில் அந்த மாதத்தின் சூரிய ஒளி அளவை எடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு இத்தனை கிலோவாட்-அவர் என்று இருக்கும். சமீபத்திய நாட்களின் தரவு ஏறச் சில நாள் பிடிக்கும், மாதம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு வகுத்தல்:

செயல்திறன் = மாத உற்பத்தி ÷ (3.24 × அந்த மாத மொத்த ஒளி)

மாத ஒளி 165, உற்பத்தி 412 யூனிட் என்றால் 412 ÷ 534.6 = 0.77. 0.75க்கும் 0.82க்கும் நடுவே இருந்தால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது. தளம் தருவது சாய்வில்லாத கிடைமட்டப் பரப்பில் விழும் ஒளி, உங்கள் பேனல் சாய்ந்திருக்கிறது. அதனால் சில சதவீதம் முன்பின் வரும். எண்ணைவிடப் போக்கு முக்கியம். இந்த ஜூனைப் போன ஜூனோடு ஒப்பிடுங்கள், மார்ச்சோடு வேண்டாம்.

ஜூனில் இறங்குவதற்குப் பழுதில்லாத காரணங்களும் உண்டு. தென்மேற்குப் பருவ மேகம் ஒன்று. மற்றது சூரியனின் இடம். மதுரைக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். தெற்கே சாய்ந்த பேனலுக்கு ஜூன் 21 நண்பகலில் ஒளி 23 டிகிரி சரிந்து விழுகிறது; அதிலேயே சுமார் 8 சதவீதம் போகும். வெப்பம் இன்னொன்று. பேனலின் உள்வெப்பம் 60, 65 டிகிரிக்கு ஏறினால், சாதாரண மோனோ பெர்க் பேனல் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் இழக்கும். மொத்தம் 12 முதல் 14 சதவீதம். அக்னி நட்சத்திரத்தில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று நினைப்பவர்கள் மே மாதம் ஏமாந்துபோவது இதனால்தான்.

பேனல் பழசாவதால் இவ்வளவு குறையாது. முதல் வருஷம் 1 முதல் 2 சதவீதம், பிறகு வருஷத்துக்கு அரை சதவீதம் அளவில்தான். ஒரு வருஷத்தில் 20 சதவீதம் போய்விட்டது என்றால் வேறு ஏதோ இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க வெயில் நாள் வரைபடம்:

காலை முதல் மாலை வரை வழவழப்பான மேடு, ஆனால் மொத்தமாகவே தணிந்திருக்கிறது என்றால் தூசி. தினமும் அதே நேரத்தில் ஒரு பள்ளம் என்றால் நிழல். உச்சியில் தட்டையாக வெட்டினாற்போல் இருந்தால் இன்வெர்ட்டர் தன் 3 கிலோவாட் எல்லையைத் தொடுகிறது, 3.24க்கு 3 என்ற விகிதத்தில் அது குளிர்ந்த தெளிவான நாளில் கொஞ்ச நேரம் நடக்கலாம், கவலை வேண்டாம். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் மேகம். சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடத்தில் திரும்ப எழுந்தால் கிரிட் வோல்ட்டேஜ் அல்லது மின்தடை. காலை 9 மணியிலிருந்து பகல் முழுக்கப் பூஜ்யம் என்றால் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈ.பி. நிறுத்திய நாளா என்று பாருங்கள். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், அன்றைய 12 யூனிட் போனது போனதுதான். ஷீட்டில் குறிப்பு என்று ஒரு பத்தி வைத்து அந்தத் தேதிகளை எழுதிவிட்டால் பிறகு குழப்பம் இருக்காது.

கோடு சீராக இருந்தும் உயரம் குறைவு, பேனலும் சுத்தம் என்றால் இன்வெர்ட்டரில் டி.சி. வோல்ட்டேஜைப் பாருங்கள். 540 வாட் பேனல் வேலை செய்யும்போது சுமார் 41.5 வோல்ட், ஆறு சேர்ந்தால் 249. நண்பகல் சூட்டில் 215 முதல் 230க்குள் இருப்பது சகஜம். அதைவிட எப்போதும் 12 வோல்ட் போலக் குறைந்திருந்தால் ஏதோ ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு பைபாஸ் டயோடு (வேலை செய்யாத பகுதியைத் தாண்டிக் கரண்டை அனுப்பும் பாகம்) வழியாக விலகிவிட்டது. 36 போலக் குறைந்தால் ஒரு முழுப் பேனலே கணக்கில் இல்லை.

நொய்யல்

சின்னச் சேர்க்கை. ஆப்பில் ஒரு நாள் காலியாக இருந்தால் உற்பத்தி இல்லை என்று அர்த்தமில்லை. இன்வெர்ட்டரில் சொருகிய வைஃபை டாங்கிளின் இணைப்பு விட்டுப் போயிருக்கும். பல டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் சேரும். ரவுட்டரை மாற்றி இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்த வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். இன்வெர்ட்டர் திரையில் உள்ள வாழ்நாள் மொத்த எண்தான் ஆதாரம், ஆப்பில் மாதங்களைக் கூட்டி வரும் எண் அல்ல.

வீட்டுச் செலவை நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் கம்பெனியின் சி.டி. (கம்பியைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் வளையம்) வைத்த எனர்ஜி மீட்டரை மெயின் பக்கம் போட்டுக்கொள்ளலாம். பில் சரிபார்க்க அது தேவையே இல்லை. சி.டி.யைத் திருப்பி மாட்டிவிட்டால் இம்போர்ட் எக்ஸ்போர்ட்டாகவும் எக்ஸ்போர்ட் இம்போர்ட்டாகவும் காட்டும். இரவு 9 மணிக்கு எக்ஸ்போர்ட் ஏறினால் அதுதான் காரணம்.

"பகலில் மோட்டார் போட்டால் அதிக லாபம்" என்று ஒரு யோசனை சுற்றுகிறது. யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங்கில் பகலில் போட்டாலும் இரவில் போட்டாலும் நிகர யூனிட் ஒன்றேதான். எக்ஸ்போர்ட்டுக்குத் தனியாகக் குறைந்த விலை தரும் முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த யோசனை பொருந்தும்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஜூன் வரைபடங்களைப் பார்த்தேன். நல்ல வெயில் நாட்களில் காலை 9.30 வரை கோடு தணிந்தே கிடக்கிறது, பிறகு சட்டென்று ஏறுகிறது. மார்ச்சில் அப்படி இல்லை.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே பல முறை பூஜ்யத்துக்கு விழுகிறது. அந்த நேரத்தில் மின்தடை இல்லை. எரர் பட்டியலில் கிரிட் ஓவர்வோல்ட்டேஜ் என்று இருக்கிறது. இன்வெர்ட்டர் மாடியில், மீட்டர் கீழே வாசலில். இடையில் 30 மீட்டர், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கேபிள்.

ஃபேஸ்_நியூட்ரல்

சார், ரெண்டும் வேற வேற பிரச்சினை. வோல்ட்டேஜை நான் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை பக்கத்துல கடை, ஆஃபீஸ் எல்லாம் பூட்டியிருக்கும். தெருவுல லோடு இல்ல, லைன் வோல்ட்டேஜ் தானா ஏறி நிக்கும். அதுக்கு மேல உங்க இன்வெர்ட்டர் கரண்டைத் தள்ளணும்னா லைனைவிடக் கொஞ்சம் அதிக வோல்ட்டேஜ்ல இருந்தாத்தான் தள்ள முடியும். 230ல பத்து சதவீதம் கூட்டினா 253. இன்வெர்ட்டர் செட்டிங்கைப் பொறுத்து அதுலயோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ கட் ஆகும். திரும்ப கனெக்ட் ஆக ஒண்ணுலேர்ந்து அஞ்சு நிமிஷம். நல்ல வெயில் நேரம் அப்படியே வீணாப் போகும்.

இதுல எவ்வளவு லைன்ல இருந்து வருது, எவ்வளவு உங்க கேபிள்ல இருந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்கணும். நல்ல வெயில்ல 12 மணிக்கு இன்வெர்ட்டர் திரையில ஏ.சி. வோல்ட்டேஜைக் குறிங்க. அதே நிமிஷம் கீழ மீட்டர் திரையில வோல்ட்டேஜ் எவ்வளவுன்னு பாருங்க. 3 கிலோவாட்னா 13 ஆம்பியர். 2.5 ஸ்கொயர்ல 30 மீட்டர் போக, 30 மீட்டர் வர, மொத்தம் கிட்டத்தட்ட 0.44 ஓம். கேபிள்லயே 5.8 வோல்ட் ஏறுது. 6 ஸ்கொயர் போட்டா 2.4 வோல்ட்தான். மூணரை வோல்ட் குறையும், பல வீட்டுல அதுவே போதும், ட்ரிப் நின்னுடும்.

ரெண்டு திரைக்கும் வித்தியாசம் 10 வோல்ட்டுக்கு மேல இருந்தா கேபிள் மட்டும் காரணம் இல்ல, எங்கயோ லூஸ் இருக்கு. சோலார் டி.பி.யில (ஸ்விட்ச் எல்லாம் இருக்கிற பெட்டி) எம்.சி.பி. முனை, நியூட்ரல் லிங்க், ஐசோலேட்டர் எல்லாத்தையும் சப்ளையை நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனை வச்சு முறுக்கிப் பாருங்க. கறுத்துப்போன ஸ்லீவ், உருகின வாசனை இருந்தா அந்த முனையை வெட்டிப் புதுசா லக் போடணும். நியூட்ரல் லூஸை அலட்சியமா விட்டா வோல்ட்டேஜ் பிரச்சினையோட நிக்காது, டி.பி. பத்திக்கும்.

மீட்டர்லயே 250க்கு மேல நிக்குதுன்னா உங்க பக்கம் செய்ய ஒண்ணும் இல்ல. நேரத்தோட படம் எடுத்து ஈ.பி. செக்‌ஷன் ஆஃபீஸ் ஏ.இ.கிட்ட (உதவிப் பொறியாளர்) எழுதிக் கொடுங்க, இல்லேன்னா ஈ.பி. புகார் மையமான மின்னகம் 94987 94987ல புகார் பதியுங்க. ட்ரான்ஸ்ஃபார்மர்ல டேப் மாத்தி வோல்ட்டேஜை இறக்கறதோ, உங்க சர்வீஸை வேற ஃபேஸுக்கு மாத்தறதோ அவங்க வேலை. இன்வெர்ட்டர்ல லிமிட்டை ஏத்திவிடச் சொல்லி சிலர் கேப்பாங்க. அப்ப ட்ரிப் ஆகாது, ஆனா அந்த 260 வோல்ட்டை உங்க வீட்டு ஃபிரிட்ஜும் டி.வி.யும் சேத்துத்தான் வாங்கிக்கும்.

மேல ஒருத்தர் பகல்ல மோட்டார் போடறதுல லாபம் இல்லேன்னார். பில்லுக்குச் சரி. ஆனா ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு மோட்டாரையோ வாஷிங் மெஷினையோ போட்டீங்கன்னா லைனுக்குத் தள்ற கரண்ட் குறையும், வோல்ட்டேஜும் இறங்கும். கேபிள் மாத்தற வரைக்கும் இது ஓசி மருந்து.

மொட்டைமாடி_வெயில்

காலைப் பள்ளம் உங்கள் மாடிப்படி அறைதான். தெற்கு பார்த்த பேனலுக்கு வடக்கே இருக்கும் கட்டடம் இடைஞ்சல் இல்லை என்ற எண்ணம் வட இந்தியாவுக்குப் பெரும்பாலும் சரி. நம் அட்சரேகையில் நாலு மாதத்துக்கு மேல் சூரியன் வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 காலை 8 மணிக்கு மதுரையில் சூரியன் வடகிழக்குப் பக்கம், அடிவானத்திலிருந்து சுமார் 27 டிகிரி உயரத்தில் இருக்கும். அறையும் டேங்க்கும் சேர்ந்து பேனல் மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் என்றால் நிழல் ஏறக்குறைய 8 மீட்டர் தென்மேற்காக விழும். தெற்காக மட்டும் அளந்தால் 3 மீட்டர் போல. நண்பகலில் அதே நிழல் ஒரு மீட்டருக்குள் சுருங்கிவிடும். மார்ச்சில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதால் உங்களுக்கு அந்தப் பள்ளம் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7.30க்கும் 8.30க்கும் 9.30க்கும் மாடியில் நின்று பேனல்களைப் படம் எடுங்கள். நிழல் எந்தப் பேனலில், எந்தப் பாதியில் விழுகிறது என்று தெரியும். ஹாஃப்-கட் பேனல் (செல்களைப் பாதியாக வெட்டிச் செய்தது) நெட்டுவாக்கில் வைக்கப்பட்டிருந்தால் மேல் பாதியில் நிழல் விழும்போதும் கீழ்ப் பாதி ஓடிக்கொண்டிருக்கும்.

சரிசெய்யும் முன் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நாளுக்கு 1.2 யூனிட், நூறு நாள் என்று வைத்தாலும் 120 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான். இதற்காக ஸ்டாண்டை உயர்த்துவதோ ஆப்டிமைசர் (ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓட்டும் கருவி) வாங்குவதோ என் பார்வையில் வேண்டாம். டேங்க்கை அறையின் வடக்கு ஓரத்துக்கு நகர்த்த முடிந்தால் மட்டும் செய்யுங்கள், அதற்குச் செலவு குறைவு. கேபிளை முதலில் மாற்றுங்கள்.

சுத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. மழை இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில், பேனல் சூடேறும் முன். மென்மையான துடைப்பான், சோப்பு வேண்டாம். உப்பான போர்வெல் தண்ணீரை அடித்துவிட்டுக் காய விட்டால் வெள்ளைத் திட்டு படிந்து, பிறகு தேய்த்தாலும் போகாது. அந்தத் தண்ணீர்தான் உண்டு என்றால் காயும் முன் ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள். வழக்கமான தூசியைவிடக் காக்கை, புறா எச்சம் மோசம்: ஒரே இடத்தில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு அந்த செல் வரிசையையே முடக்கும், நாளடைவில் அந்த இடம் சூடேறிக் கருகும். சுத்தம் செய்வதற்கு முந்தின நாளும் பிந்தின நாளும் வெயில் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு நாள் யூனிட்டையும் எழுதி வையுங்கள். வித்தியாசம் 3 சதவீதத்துக்குக் குறைவு என்றால் இடைவெளியைக் கூட்டலாம்.

யூனிட்_கணக்கு

நெட் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி. நண்பகலில் வீட்டு எம்.சி.பி.க்கள் எல்லாவற்றையும் அணைத்து சோலார் எம்.சி.பி.யை மட்டும் ஆனில் வையுங்கள். ஞாயிறு வேண்டாம், லோடே இல்லாமல் நடுவில் ட்ரிப் ஆனால் சோதனை கெட்டுவிடும். இன்வெர்ட்டர் மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் ரீடிங்கையும் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் குறியுங்கள். இன்வெர்ட்டர் 2.4 யூனிட் என்றால் எக்ஸ்போர்ட் 2.3க்கும் 2.4க்கும் நடுவே ஏறியிருக்க வேண்டும், இம்போர்ட் நகரவே கூடாது. கேபிளில் கொஞ்சம் போகும், இன்வெர்ட்டரின் உள் அளவீட்டிலும் இரண்டு மூன்று சதவீதப் பிழை இருக்கும். மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

இன்னும் நெட் மீட்டர் வராமல் காத்திருப்பவர்களுக்கு: பழைய டிஜிட்டல் மீட்டர்கள் பல, கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் முன்னோக்கித்தான் எண்ணும். நீங்கள் வெளியே தள்ளும் யூனிட்டும் நீங்கள் வாங்கியதாக ஏறிவிடும். நெட் மீட்டர் மாட்டும் வரை இன்வெர்ட்டரை ஆஃப் செய்து வையுங்கள், டெஸ்ட்டுக்கு ஓட்டிப் பார்த்ததோடு சரி.

பில் வந்ததும் முதலில் எக்ஸ்போர்ட் கட்டத்தைப் பாருங்கள். ரீடிங் எடுக்கும்போது இம்போர்ட்டை மட்டும் குறித்துவிட்டுப் போனால் எக்ஸ்போர்ட் பூஜ்யம் என்றோ பழைய எண்ணே மறுபடியும் வந்தோ பில் ஆகிவிடும். மேலே சொன்ன ஏப்ரல்-மே கணக்கில் அப்படி நடந்தால் 110க்குப் பதில் 540 யூனிட்டுக்கு ரூ.2,376 கேட்பார்கள். பணம் கட்டும் முன்பே ரீடிங் நாளில் எடுத்த மீட்டர் படத்தோடு பிரிவு அலுவலகத்துக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள். படத்தில் மீட்டர் எண்ணும் திரையில் உள்ள குறியீடும் சேர்ந்து தெரிய வேண்டும், வெறும் இலக்கத்தை மட்டும் எடுத்துப் போனால் அது இம்போர்ட்டா எக்ஸ்போர்ட்டா என்று அங்கே இன்னொரு வாக்குவாதம் ஆகும்.